ஆவியில் சுருளாத முடி

வெயிலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், இந்தப் புழுக்கம்தான் ஆளைக் கொல்லும். அதுவும் லாண்டரியில் நாள் முழுக்க ஆவி இஸ்திரிப்பெட்டி போடுகிறவளுக்குத் தலையில் சுருட்டை முடியும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். காலையில் சமர்த்தாக வரும் முடி, பதினோரு மணிக்குள் குருவிக்கூடாகிவிடும். கடையில் எல்லோரும் அவளைச் சுருட்டை என்றே கூப்பிட்டார்கள். அவளுக்கும் அதில் பெருமைதான்.

பெருமை சும்மா வரவில்லை. வருஷக்கணக்கில் சூடு போட்டு நீட்டிக் கருகிப்போன முடியை ஒட்ட வெட்டிவிட்டு, இரண்டு வருஷமாகச் சொந்த முடியை வளர்த்தாள். காய்ந்த தலையில் சீப்பு வைக்க மாட்டாள். ஈரத்திலேயே விரலால் சிக்கெடுப்பாள். துண்டால் துவட்டினால் சிலிர்த்துக்கொள்ளும் என்று பழைய பனியனால் ஒற்றி எடுப்பாள். எண்ணெய் நாலே சொட்டு, ஐந்தாவது கிடையாது. பிள்ளை வளர்க்கக்கூட இத்தனை பாடு இல்லை என்று அம்மா கிண்டல் செய்வாள்.

அந்தத் தலையில் அவளைத் தவிர கைவைக்கும் உரிமை அக்காவுக்கு மட்டும்தான். அக்கா லாண்டரிக்கு இரண்டு தெரு தள்ளி பியூட்டி பார்லர் வைத்திருந்தாள்.

"இந்தப் புழுக்கத்துக்குன்னே ஒரு கிரீம் வந்திருக்குடி. முடி உப்பாது. ஞாயித்துக்கிழமை வா, நானே போட்டு விடறேன்" என்றாள் அக்கா.

போனாள். கிரீம் அழுகின முட்டையாக நாறியது.

"என்னக்கா, குடலைப் புரட்டுது?"

"எல்லாம் மூலிகைடி. மூக்கைப் பிடிச்சிக்கிட்டு உக்காரு."

அக்கா சொன்னால் சரிதானே? அலசி, டிரையரில் நேராகக் காயவைத்து, மூன்று நாள் தண்ணீர் படக்கூடாது என்று சொல்லி அனுப்பினாள். டிரையர் போட்டால் முடி நேராக நிற்கும், ஈரம் பட்டதும் சுருண்டுவிடும். அதனால் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

மறுநாள் லாண்டரியில் பதினோரு மணி ஆயிற்று, பன்னிரண்டும் ஆயிற்று. ஆவியில் முகமெல்லாம் நனைந்தது. முடி மட்டும் அப்படியே தொங்கியது.

"இனிமே உன்னை என்னன்னு கூப்பிடறது?" என்று சிரித்தாள் துணி மடிக்கிறவள்.

 அவள் குழாயடிக்கு ஓடி, முடி நுனியை நனைத்து விரலில் சுற்றி விட்டுப்பார்த்தாள். நூல் பிடித்த மாதிரி நேராக விழுந்தது. மூன்று முறை செய்தாள், மூன்று முறையும் அதேதான். சாப்பாட்டைத் தொடாமல் பார்லருக்கு நடந்தாள்.

"தலையில என்னத்தைப் போட்டே?"

"ஏன், நல்லாத்தானே இருக்கு?"

"திரும்பச் சுருளுமா, சுருளாதா?"

அக்கா சீப்பைத் துடைத்தாள். "நிரந்தரமா நீட்டற கிரீம்டி அது. புதுசா வளர்றதுதான் சுருளும். இது இப்படித்தான்." பிறகு குரலை உயர்த்தினாள். "வர்றவங்கல்லாம் என்ன கேக்கறாங்க தெரியுமா? சொந்தத் தங்கச்சி தலையையே சரி பண்ணத் தெரியாதவ எங்க தலையை என்ன பண்ணுவாளோன்னு. எனக்கு மானம் போகுதுடி."

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னா ஒத்துக்குவியா?"

மாட்டாள் என்று தெரிந்தேதான் செய்திருக்கிறாள்! முடி போனதுகூட அப்புறம். நம்பவைத்துக் கழுத்தறுத்தவள் கூடப் பிறந்தவள் என்பதுதான் நெஞ்சை எரித்தது. இரண்டு வருஷ உழைப்பை, மூக்கைப் பிடித்துக்கொண்டு தானே உட்கார்ந்து கொடுத்திருக்கிறாள்.

"சரி, அழாதே. உக்காரு, நானே அழகா வெட்டி விடறேன்" என்று அக்கா கத்தரிக்கோலை எடுத்தாள்.

 அவள் தெருவைக் கடந்து எதிரே இருந்த ஆண்கள் முடிவெட்டும் கடைக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். கடைக்காரர் திகைத்துவிட்டார்.

"மிஷின் போட்டு ஒட்ட எடுத்துடுங்கண்ணே."

"ஏம்மா, அக்கா கடை எதிர்லயே இருக்க, என்கிட்டயா?"

எதிர்வாசலில் அக்கா வந்து நிற்பது கண்ணாடியில் தெரிந்தது.

"அவ கையில கத்தரிக்கோலைப் பார்த்தா எனக்குப் பயமா இருக்குண்ணே."

 கடைக்காரர் துணியை உதறி அவள் கழுத்தில் கட்டினார்.