திரைக்கு வெளியே நின்ற நானா

பாறூக் பேச்சில் புலி. அதை யாரும் மறுக்க முடியாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டில், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 'கலியாணமான பெண் வேலைக்குப் போகலாமா' என்று பட்டிமன்றம் வைத்தார்கள். "அடுப்படி பொம்பளைக்கு, ஆபீஸ் ஆம்பிளைக்கு என்று யார் பிரித்துக் கொடுத்தது? என் மனைவி வேலைக்குப் போனால் நான் தொட்டில் ஆட்டுவேன்" என்று முழங்கினான். மண்டபம் அதிர்ந்தது. அங்கேயே படித்த தங்கை ஹிதாயா கைதட்டினாள். அவன் கூட்டாளி ரவூபும் தட்டினான்.

அடுத்த வருஷம் அந்த ரவூபுக்கே ஹிதாயாவைப் பேசினார்கள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. படிப்பு முடிந்ததும் டீச்சர் வேலைக்குப் போக வேண்டும்.

"அத நான் பாத்துக்குறேன்," என்றான் பாறூக். வாப்பா மௌத்தாகி அடக்கமாகிவிட்டதால் அவன்தான் அவளுக்கு வலிகாரன், பெண்ணைக் கொடுக்கும் பொறுப்பாளி. அவன் கைபிடித்துத்தான் நிக்காஹ் நடக்க வேண்டும்.

நிக்காஹ் அன்று பலாபத்வலயில் பெண் வீட்டுப் பந்தலில் உட்கார இடமில்லை. தம்புள்ளையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். பதிவுகாரர் பேனாவைத் திறந்த நேரம் பார்த்து, ரவூபின் வாப்பா ஸெய்னுலாப்தீன் தொண்டையைச் செருமினார்.

"தம்பி, ஒண்ணு சொல்லிடுறேன். எங்க வீட்டுக்கு வர்ற புள்ளைங்க வேலைக்குப் போறதில்ல. கடை இருக்கு, அல்லாஹ் தந்திருக்கான். பொறகு பேச்சு வரப்படாது. சரிதானே?"

பாறூக் ரவூபைப் பார்த்தான். மாப்பிள்ளை துரை பாயின் ஓரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். சரி, அவன் கிடக்கட்டும். இந்தப் புலி என்ன செய்தது? புரியாணிச் சட்டியைத் திறந்தாகிவிட்டது, ஊரே உட்கார்ந்திருக்கிறது, மறுத்தால் எழுந்து போய்விடுவார்கள், உம்மா தாங்கமாட்டா. இத்தனையும் யோசித்துவிட்டுத் தலையை ஆட்டியது.

அடுத்து பெண்ணிடம் சம்மதம் கேட்க வேண்டும். இரண்டு சாட்சிகளோடு அறை வாசலுக்குப் போனான். திரைக்கு அந்தப் பக்கம் ஹிதாயா.

"தங்கச்சி, ரவூபுக்கு ஒன்ன நிக்காஹ் செஞ்சு குடுக்கச் சம்மதமா?"

பெண்கள் இந்த இடத்தில் பேசமாட்டார்கள். பேசாமல் இருந்தாலே சம்மதம் என்று சாட்சிகள் திரும்பிவிடுவார்கள். ஹிதாயா பேசினாள்.

"வேலை விஷயம் என்ன ஆச்சு நானா?"

சாட்சிகள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இப்போதாவது சொல்லடா என்று பாறூக்கின் உள்ளே ஏதோ கத்தியது.

"எல்லாம் சரி. நீ யோசிக்காத."

திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது.

"அப்படின்னா சம்மதம்."

பந்தலுக்கு வந்து ரவூபின் கையைப் பிடித்து, சொல்ல வேண்டியதைச் சொன்னான். எல்லோரும் சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவனுக்கு ஒரு பிடி இறங்கவில்லை. யாராவது முதுகில் தட்டி "மாஷா அல்லாஹ்" என்றால் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. மனம் தாங்காமல் எழுந்து அறைக்குப் போனான். பெண்ணுக்குத் துணையிருந்த பீபி மாமியை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினான்.

"தங்கச்சி, நான் பொய் சொல்லிட்டேன். அவங்க ஒன்ன வேலைக்கு விடமாட்டாங்க. நான் தலையாட்டிட்டேன்."

ஹிதாயா வளையல்களை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"தெரியும். இந்த ஜன்னல் பந்தலுக்குப் பக்கத்துலதானே இருக்கு. ரவூபோட வாப்பா சொன்னது கேட்டிச்சு. நீங்க தலையாட்டினதையும் பாத்தேன்."

பாறூக் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டான்.

"தெரிஞ்சுமா சம்மதம்னு சொன்ன? வேணாம்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"சொல்லத்தான் இருந்தேன். நீங்க உண்மையச் சொல்லியிருந்தா சொல்லியிருப்பேன்." இப்போதுதான் அவனைப் பார்த்தாள். கண்கள் சிவந்திருந்தன. "நீங்களே அந்தப் பக்கம் நின்ன பொறகு, நான் யார நம்பி வேணாம்னு சொல்றது, நானா?"