நம்பர் கேட்காத கார்டு

எங்கள் வீட்டில் அம்மாவின் ஏடிஎம் கார்டை யாரும் ஒளித்து வைத்ததில்லை. மாதா படத்துக்கும் சுவருக்கும் நடுவில், கரண்ட் பில்லோடு செருகியிருக்கும். செலியமேட்டில் எங்களுக்கு இருப்பது ஒரே அறை. அதில் ஒளிக்க இடமும் கிடையாது. நம்பரை ஒளித்தால் போதும் என்பது அம்மாவின் எண்ணம். அந்த நாலு எண்கள் அவளுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

அப்பாவுக்குக் கட்டடக் கூலி வேலை. வேலையில்லாத நாட்களில் குடிக்கக் காசு இருக்காது. கார்டை எடுத்துக்கொண்டு பாகூர் ஏடிஎம்முக்குப் போவார். நான் பிறந்த வருஷத்தைப் போடுவார், கல்யாணத் தேதியைப் போடுவார். எதுவும் சரிப்படாமல் திரும்பி வந்து, எடுத்த இடத்திலேயே செருகிவிடுவார்.

"இன்னாய்யா, இன்னிக்கு எந்த வருசத்தப் போட்ட?" என்பாள் அம்மா.

"ஒங்கப்பன் செத்த வருசம்."

"அதாவது ஞாபகம் கீதே."

இருவரும் சிரிப்பார்கள். எங்கள் வீட்டில் இது இப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

சித்திரையில் பழைய கார்டு முடிந்து புதிது வந்தது. அதன் மூலையில் வளைந்த கோடுகள் நாலு இருந்தன. நம்பர் போட அம்மாவும் நானும் போனோம். யாரும் பார்த்துவிடாதபடி அம்மா முந்தானையை விரித்து மெஷினை மறைத்துக்கொண்டாள். நான் ஒன்பதாவதோடு நின்றவள் என்றாலும், அவளுக்காகப் படிப்பவள் நான்தான். பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள்.

"யம்மா, உள்ளயே குடித்தனம் வச்சிட்டீங்களா?" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்குக் காது சுட்டது. நம்பர் போட்டு முடித்த பிறகும் திரை ஒன்று கேட்டது. கார்டைத் தட்டிப் பணம் கொடுக்கும் வசதி வேண்டுமா என்று. அப்படியென்றால் என்னவென்று திரும்பிக் கேட்டிருக்கலாம். அத்தனை பேர் முன்னால் எனக்கு வாய் வரவில்லை. 'ஆம்' என்பதை அழுத்திவிட்டு வெளியே வந்தேன்.

அம்மா ஒரு மருந்து கம்பெனியில் தரை துடைக்கிறாள். சம்பளம் வங்கிக்குப் போகும். போன மழையில் ஓடு உடைந்து மூன்று நாள் அடுப்பு பற்றவில்லை. இந்த ஐப்பசிக்குள் தகர ஷீட் போட வேண்டும் என்று ஒரு வருஷமாகச் சேர்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது ஷீட்டுக்கும் கூலிக்கும் பதினாலாயிரம். புரட்டாசிக் கடைசியில் எடுக்கப் போனால், ஆறாயிரத்துச் சொச்சம்தான் இருந்தது. மெசேஜ் எதுவும் வரவில்லை. வங்கியில் கொடுத்திருந்த போன் நம்பர் ரீசார்ஜ் இல்லாமல் செத்துப் போய் ஒரு வருஷமாகிறது.

அம்மா நேராக வங்கிக்குள் போய்ச் சத்தம் போட்டாள். "நம்பரு இல்லாம எப்பிடி சார் துட்டு போவும்? வவுத்தக் கட்டி சேத்தது சார்."

கவுன்டரில் இருந்த அலுவலர் பாஸ்புக்கை மெஷினில் அச்சடித்து என்னிடம் நீட்டினார். முந்நூற்று எண்பது, நானூற்றிருபது, மறுபடி முந்நூற்று எண்பது. வரிக்கு வரி ஒரே ஒயின்ஸ் கடையின் பெயர்.

"இது தட்டிக் குடுக்கற கார்டும்மா. அஞ்சாயிரம் வரைக்கும் நம்பர் கேக்காது."

"அத யாரு கேட்டா? நான் கேட்டனா?"

"நீங்க நம்பர் போட்ட அன்னிக்கே ஏடிஎம்ல ஆன் பண்ணியிருக்கீங்களே."

அம்மா மறுபடி சண்டைக்கு மூச்சு இழுத்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

"நான்தாம்மா அழுத்துனேன். கேட்டுச்சி, ஆமான்னு போட்டுட்டேன்."

அவள் என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கால் பெருவிரலை அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"இப்ப அத எப்பிடி நிறுத்தறதுன்னு கேளுடி," என்றாள் பிறகு.

நான் அந்த அலுவலரிடம் கேட்டேன். முதல் தடவை என் குரல் அவருக்கு எட்டவில்லை. இரண்டாவது தடவை சொல்லிக் கொடுத்தார். வெளியே மெஷினில் நானே அதை அணைத்தேன். மிச்சமிருந்த பணத்தை எடுத்துக்கொண்டு அம்மா ஹார்டுவேர் கடைக்கு நடந்தாள். நாலு ஷீட் வந்தது. கூலிக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

குட்டியானை வண்டியில் ஷீட் வந்து இறங்கும்போது அப்பா வாசலில் நின்றிருந்தார். அம்மா பாஸ்புக்கை அவர் மடியில் செருகினாள். அவர் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை.

"நான் இன்னா திருடவாடி செஞ்சேன்? கடைக்காரன்தான், இது தட்டுற கார்டுண்ணே, குடுன்னான். நீட்டனேன். அது எடுத்துக்கிச்சி."

"செரி."

"நம்பரு கேட்டிருந்தா நான் எங்கடி போவேன்?"

"செரின்றேன்ல. ஏறு மேல. ஆளு வைக்கத் துட்டு இல்ல."

அப்பா ஏணியை எடுத்துக்கொண்டு வந்தார். நானும் அம்மாவும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து முதல் ஷீட்டைத் தூக்கிக் கொடுத்தோம். பாதி வீட்டுக்குத்தான் வரும் என்பது மேலே ஏறியதும் அவருக்கே தெரிந்துவிட்டது.

"எந்தப் பக்கம் போடறது?"

"அடுப்பு மேல ரெண்டு. நானும் பொண்ணும் படுக்கறதுக்கு ரெண்டு."

அப்பா தாம் படுக்கும் மூலைக்கு மேலிருந்த உடைந்த ஓட்டைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு எங்கள் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்து, ஆணி கேட்டுக் கையை நீட்டினார். நான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன்.