முன்கூட்டியே வந்த கேள்வித்தாள்

மும்பையில் தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் நடுவே ரயில் பாதை ஓடுகிறது. பாலம் ஏறி இறங்கினால் கால்மணி நேர நடை. குழந்தைகள் டாக்டர் வேங்கடசுப்ரமணியனின் கிளினிக் அந்தப் பக்கம். விஜயலட்சுமியின் வீடு இந்தப் பக்கம். நேரில் பார்க்கப் பதினோரு மாதம் காத்திருக்க வேண்டும் என்றார்கள். போனில் பார்க்க மூன்றே வாரம். தொலைவில் இருப்பவர்களுக்காக ஓர் அறக்கட்டளை செய்திருந்த ஏற்பாடு அது. விண்ணப்பத்தில் ஊர்ப்பெயரை என்னவென்று போடுவது என்று விஜி தயங்கினாள்.

"தாராவின்னே போடுங்கக்கா. அவங்களுக்கு அதுவே தூரந்தான்" என்றாள் பால்வாடி டீச்சர் ஜெபா.

ஜெபாதான் முதலில் கவனித்தவள்; கவனித்ததை எழுதி விண்ணப்பத்தோடு வைத்தவளும் அவள்தான். விஜியின் மகள் முத்துமாரிக்கு இரண்டே முக்கால் வயது. ஒன்றரை வயதில் அம்மா, தண்ணி, தா என்று மூன்று சொல் வைத்திருந்தாள். பிறகு ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். கூப்பிட்டால் திரும்புவதில்லை. டப்பா மூடியைத் தரையில் சுழற்றிவிட்டு, அது நிற்கும்வரை பார்ப்பாள். நின்றதும் மறுபடி சுழற்றுவாள்.

"ஆட்டிசமா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். டாக்டர்தான் சொல்லணும். மூணு வயசுக்குள்ள உறுதியாயிட்டா, வாரா வாரம் போன்லயே பயிற்சி சொல்லிக் குடுப்பாங்க. மூணு தாண்டிட்டா அந்த லிஸ்ட்ல சேக்க மாட்டாங்கக்கா."

விஜி விரலை மடக்கினாள். மூன்று மாதம் இருந்தது.

இந்த இடத்தில் கனகவள்ளி உள்ளே வருகிறாள். விஜியின் கணவன் இசக்கிதுரையின் அக்கா, அடுத்த வீடு. கே.ஜி. அட்மிஷன் இன்டர்வியூவுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வதில் அவளை மிஞ்ச அந்தச் சந்தில் ஆள் கிடையாது. நான்கு வருடத்தில் பதினேழு பிள்ளைகளை இங்கிலீஷ் மீடியத்துக்குள் தள்ளியிருக்கிறாள். யாரைக் கண்டாலும் வீறிடுகிற பிள்ளைகூட அவள் கையில் ஒரு மாதம் இருந்தால் பிரின்சிபாலுக்குக் குட்மார்னிங் சொல்லும்.

அறக்கட்டளையிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு தாள் வந்தது. பந்து, கப், பொம்மை எடுத்து வைக்கவும். பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்வோம். பொம்மைக்கு டீ கொடுக்கிறாளா, டாட்டா காட்டுகிறாளா என்று பார்ப்போம். கடைசி வரியில், குழந்தை எப்போதும்போல் இருக்கட்டும் என்றிருந்தது. கனகவள்ளி கடைசி வரி வரைக்கும் போகவில்லை.

"ஏட்டி விஜி! கொஸ்டின் பேப்பரையே முன்னாடி அனுப்பிட்டானுவ. இன்னும் என்னட்டி வேணும் ஒனக்கு?"

"இது பரீட்ச இல்ல மைனி."

"கேள்வி கேக்கான், பிள்ள செய்யணும், கடைசில ரிசல்ட் சொல்லுவான். பின்ன இதுக்குப் பேரு என்ன, கோயில் கொடை விழாவா?"

இசக்கிதுரை தையல் பட்டறையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தான். "அக்கா சொல்லுததயும் கேளேன். நம்ம பிள்ள நல்லாச் செஞ்சா ஒனக்கு என்ன நட்டம்?"

நட்டம் என்னவென்று விஜிக்குத் தெரியும். ஆனால் பெற்ற பிள்ளை தோற்க வேண்டும் என்று எந்தத் தாய் வாய்விட்டுச் சொல்வாள்?

மூன்று வாரம் பயிற்சி நடந்தது. முத்துமாரி பேருக்குத் திரும்பமாட்டாள். ஆனால் பிஸ்கட் பாக்கெட்டின் சரசரப்பு எந்த மூலையில் கேட்டாலும் திரும்புவாள். கனகவள்ளிக்கு இது போதும். பொம்மை வாயில் மூன்று தடவை கப்பை வைத்தால் ஒரு பிஸ்கட். கையை ஆட்டினால் அரை பிஸ்கட்.

சனிக்கிழமை பதினோரு மணி. "மிக்ஸிய பந்த் பண்ணுங்கட்டி! பிள்ளைக்கு எக்ஸாம்!" என்று கனகவள்ளி சந்து முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். பக்கத்துப் பட்டறை சொரிமுத்து மெஷினை நிறுத்திவிட்டு ஆட்களோடு வாசலுக்கு வெளியே வந்து நின்றான். குக்கரில் சாய்த்துவைத்த போனில் டாக்டரின் முகம் தெரிந்தது.

"முத்துமாரியா? அழகான பேர். அம்மா, நீங்க பின்னாடி நின்னுண்டு கூப்பிடுங்கோ."

விஜி கூப்பிட்டாள். அவளுக்குப் பக்கத்தில், போனுக்குத் தெரியாத மூலையில், கனகவள்ளி பாக்கெட்டை ஒரு அழுத்து அழுத்தினாள். முத்துமாரி திரும்பினாள். மூன்று தடவையும் திரும்பினாள். பொம்மைக்கு டீ கொடுத்தாள். டாட்டாவும் காட்டினாள்.

"வீட்ல எப்பவும் இப்படித் திரும்புவாளா?"

"எப்பவும் சார்" என்றான் இசக்கிதுரை. அவனுக்கும் பயிற்சி கொடுக்கப்பட்டிருந்தது.

டாக்டர் எதையோ எழுதினார். "பேச்சுதான் தாமதமா இருக்கு. மத்ததெல்லாம் பரவாயில்லை போலிருக்கு. இப்போதைக்கு லிஸ்ட்ல போட வேண்டாம். ஆறு மாசம் கழிச்சு இன்னொரு தரம் பார்க்கலாம்."

வெளியே கைதட்டல் கேட்டது. கனகவள்ளி சுவரைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினாள். ஆறு மாதத்தில் முத்துமாரிக்கு மூன்றேகால் ஆகிவிடும்.

"சார், கட் பண்ணாதீங்க" என்றாள் விஜி. "பிஸ்கட் சார்."

"என்னம்மா?"

"பேருக்குத் திரும்பல. பிஸ்கட்டுக்குத் திரும்புனா." கனகவள்ளியின் மணிக்கட்டைப் பிடித்துப் போனுக்கு முன்னால் இழுத்தாள். பாக்கெட் கையிலேயே இருந்தது. "மைனி மூணு வாரமாச் சொல்லிக் குடுத்தாங்க சார்."

"அடிப்பாவி! ஒம் பிள்ளைய நீயே ஃபெயிலாக்குதியேட்டி!"

"ஆமா மைனி."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "மாமி, அந்தப் பாக்கெட்டை வெளில வெச்சுடுங்கோ." கனகவள்ளியை அதுவரை யாரும் மாமி என்றதில்லை. போய் வைத்துவிட்டு வந்தாள். "என்னை மறந்துட்டு உங்க வேலையைப் பாருங்கோ. இருபது நிமிஷம் நான் இப்படியே இருக்கேன்."

விஜி வெங்காயம் நறுக்கினாள். இசக்கிதுரை போனைப் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டான். முத்துமாரி டப்பா மூடியைச் சுழற்றினாள்.

"மாரி" என்று விஜி கூப்பிட்டாள். மூடி சுழன்றது. "ஏ, முத்துமாரி." இந்தப் பிள்ளை ஒரு தடவை திரும்பிவிடாதா என்று ஒரு வருடமாக வேண்டாத தெய்வமில்லை. இன்று இருபது நிமிடத்துக்கு மட்டும் திரும்பிவிடக் கூடாது என்று அதே தெய்வங்களிடம் கேட்டாள். மூன்றாவது தடவையும் கூப்பிட்டாள். முத்துமாரி திரும்பவில்லை. கேட்டது கிடைத்துவிட்டது. விஜி வெங்காயத்தைச் சாக்காக வைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆட்டிசம்தான்மா" என்றார் டாக்டர். "பால்வாடி டீச்சர் எழுதி அனுப்பினதோடும் ஒத்துப்போறது. நல்ல நேரத்துல வந்துட்டேள். செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குப் பயிற்சி ஆரம்பம்." பேனாவை மறுபடி எடுத்தார். "மூணு வாரத்துல பொம்மைக்கு டீ கொடுக்கக் கத்துண்டிருக்கா. அதையும் எழுதிக்கறேன், மாமி."

கனகவள்ளி கதவைத் திறந்தாள். சந்தே நின்றிருந்தது.

"ரிசல்ட் என்னக்கா?" என்றான் சொரிமுத்து.

பதினேழு பிள்ளைகள். ஒன்றுகூடத் தோற்றதில்லை. கனகவள்ளி முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"நெட்வொர்க் போயிட்டு. செவ்வாக்கெழம மறுபடி வச்சிருக்கான்."

விஜி மறுத்துப் பேசவில்லை. அவளுக்கு வேண்டியது செவ்வாய்க்கிழமைதான்.

செவ்வாய் வந்தது. அதற்கடுத்த செவ்வாயும் வந்தது. பதினோரு மணி ஆனால் சந்தில் யாரும் சொல்லாமலே மிக்ஸிகள் நின்றன. ஐந்தாவது வாரம் குழாயடியில் சொரிமுத்து விஜியைப் பிடித்துக்கொண்டான்.

"ஏம்மா, அந்த சிம் கம்பெனிய மாத்தித் தொலைங்களேன். பச்சப்பிள்ள எத்தன தடவதான் அதே பரீட்சய எழுதும்?"

"பாக்கோம்ணே" என்றாள் விஜி.