கஜானி இருக்கும் வரி

1

எழுந்தேன். தேநீருக்குக் கேத்திலைப் போட்டேன். பூனையை இறுக்கிப் பிடித்து வாய்க்குள் மாத்திரையை வைத்தேன். துப்பியது. மறுபடி வைத்தேன். கையைக் கீறியது. கழுவிவிட்டு, தகனினி புறநகரிலிருந்து மோட்டர்வேயில் நகரத்துக்கு ஓட்டினேன்.

(இது நாலாவது தொடக்கம். முதல் மூன்றிலும் மழை பெய்தது. இன்று மழை இல்லை.)

கதை எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். அலுவலகக் கணினியில் என் மனைவியைப் பற்றி ஒரு வரி இருக்கிறது. அதை நீக்குவதா என்று இன்று மாலைக்குள் சொல்ல வேண்டும். சொல்லாமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2

கால்நடை மருத்துவமனையில் டெக்னீஷியனாக வேலை செய்ய ஓர் உரிமத் தேர்வு எழுத வேண்டும். அதற்குப் படிப்பிக்கும் கல்லூரியில் வேலை செய்கிறேன். பழைய மாணவர்களின் வருகை, புள்ளிகள், முடிவு ஆகியவற்றைக் கொண்டு, புதியவர்களில் யார் தேறுவார் என்று கணிக்கும் கணினி மாடலைச் செய்தது நான்தான்; ஒரு மாணவருக்கு ஒரு வரி.

என் மனைவி கஜானியும் அங்கேதான் படித்தாள்.

"உங்கட மெஷின் என்னைப் பற்றி என்ன சொல்லுது?"

"சொல்லக் கூடாது."

"அப்ப ஃபெயில். இண்டைக்குச் சமையல் நீங்கள்தான்."

தேறுவாள் என்றுதான் இருந்தது. ஆனாலும் சமைத்தேன்.

பிறகு புற்றுநோய் வந்தது. கஜானி ஒரு

[இந்த வாக்கியம் முடியவில்லை. விட்டுவிட்டேன்.]

வருகை குறைந்தது. புள்ளிகள் குறைந்தன. தேர்வுக்கு முன்பே இறந்துபோனாள். அவளுடைய வரியில், முடிவு என்ற இடத்தில் 'தேறவில்லை' என்று பதிவானது. தேர்வு எழுதாதவர்களுக்கு அங்கே வேறு சொல் இல்லை.

3

தேவதர்ஷினியை இரண்டு தடவை திருத்தினேன். முதல் வரைவில் அழகாக அழுதாள். உண்மையில் அவள் அழவில்லை. இந்த வருட மாணவி. பாபகூராவிலிருந்து ரயிலில் வருகிறாள். குழந்தைக்கு ஆஸ்துமா, அதனால் வகுப்புகள் தவறின. மாடல் அவளைப் பார்த்தது, கஜானியை நினைத்தது, 'தேறமாட்டாள்' என்றது. அப்படி வந்தவர்களைக் கல்லூரி இம்முறை தேர்வுக்கு அனுப்பாது. அடுத்த தேர்வுக்கு முன் அவளுடைய விசா முடிந்துவிடும்.

"ஒரே ஒரு வரிய எடுத்துட்டு மாடலை ஓட்டிப் பாத்தேன், யசீகரன்," என்றாள் பக்கத்து மேசை அபர்ணா. "அந்தப் பொண்ணு தேறிடுறா."

"எந்த வரி?"

அபர்ணா தன் தேநீரைப் பார்த்தாள். "நானே எடுத்துடட்டுமா?"

"வேண்டாம்."

எடுப்பதுதான் சரி. [நீங்கள் சொல்லத் தேவையில்லை.] ஆனால் கஜானி இன்னும் எதையாவது மாற்றுகிற இடம் இந்த உலகத்தில் அது ஒன்றுதான்.

4

முடிவு ஒன்று: நீக்குகிறேன். தேவதர்ஷினி தேர்வு எழுதித் தேறுகிறாள். [அடித்துவிட்டேன். தேறுவாள் என்று எனக்கென்ன தெரியும்?]

முடிவு இரண்டு: நீக்கவில்லை. வீட்டுக்குப் போகிறேன். பூனை

மூன்றாவதில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி கஜானி எனக்கு அனுமதி கொடுப்பதுபோல ஒரு வசனம் எழுதியிருந்தேன். நல்ல வசனம். அவள் அப்படிக் கதைக்கிறவள் அல்ல.

மாலையாகிறது. வரி திரையில் இருக்கிறது. என்ன செய்தேன் என்று நான் எழுதப்போவதில்லை, நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். அவள் கடைசியாக உண்மையில் சொன்னதை மட்டும் தருகிறேன். பூனை மாத்திரையைத் துப்புகிறது என்று அவளிடம் முறையிட்டேன். கண்ணைத் திறக்காமல் சொன்னாள்:

"துவாயால சுத்துங்கோ. இறுக்கிப் பிடியாதேங்கோ, அது பயப்படும்."