கதாநாயகன் திரும்பி வரும் அத்தியாயம்

சுமித்ராவுக்குக் காதல் நாவல் என்றாலே இளக்காரம். திருப்பதியில் அவள் செய்துகொண்டிருந்த ஆராய்ச்சியும் அதைப் பற்றித்தான். வாடகை நூலகத்து நாவல், செல்போனில் வாராவாரம் வரும் தொடர்கதை என்று படித்துக் கிழித்தாயிற்று. எல்லாம் ஒரே அச்சு: சண்டை, மயக்கம், பிரிவு; கடைசிக்கு முந்தின அத்தியாயத்தில் கதாநாயகன் மழையில் நனைந்துகொண்டு திரும்பி வருவான். "இதுக்கும் அழுவுதுங்களே!" என்று, சித்தூர் பஸ்ஸில் செல்போனும் கையுமாக இருக்கும் பெண்களைப் பார்த்து உதட்டைச் சுழிப்பாள்.

அதே பஸ்ஸில் வருகிறவன் ஹேமநாத். பங்காருபாளையத்து மாங்காய் மண்டிக்காரர் மகன். திருப்பதியில் வங்கி வேலை. தினமும் அவளுக்கு இடம் பிடித்து வைப்பான். ஒருநாள் திருச்சானூர் ஷேர் ஆட்டோ நிற்கும் இடத்தில், நெற்றி வேர்க்கக் கேட்டுவிட்டான்.

"உங்களையே கட்டிக்கணும்னு இருக்குதுங்க. உங்க நைனாகிட்ட பேசட்டுமா?"

அவளுக்கும் அவன்மேல் கொள்ளை ஆசை. ஆனாலும் படித்த வாய் சும்மா இருக்குமா?

"நாலாவது அத்தியாயத்து வசனம்," என்று சிரித்தாள். "இந்த வேர்வைகூட எல்லாக் கதையிலயும் வருது. இவ்ளோ மட்டமான கதைக்கு நான் ஆளில்ல."

"அப்போ வேணாங்கிறீங்களா?"

"வேணாம்."

அவன் தலையாட்டிவிட்டு ஆட்டோவில் ஏறிப் போனான்.

சுமித்ரா பதறவில்லை. பிரிவு வந்தாயிற்று; இனி அவன் திரும்பி வரவேண்டியதுதானே? பஸ்ஸில் அவன் தள்ளி உட்கார்ந்தபோது, ரோஷம் என்று நினைத்துக்கொண்டாள். மழை கொட்டிய ஒரு சாயங்காலம் குடையை விரிக்காமல் பஸ் நிலையத்தில் நின்று, வந்த பஸ்ஸையெல்லாம் போகவிட்டாள், மகராசி. தும்மல் வந்ததுதான் மிச்சம்.

மாங்காய் சீசனில் அவன் வந்தான். கையில் ஒரு பை பழம்.

"எனக்கு நிச்சயம் ஆயிடுச்சுங்க. உங்களுக்குச் சொல்லாம இருக்க மனசு வரல."

"இன்னொரு தபா கேட்டிருக்கலாமே!" தன்னையறியாமல் வாய்விட்டாள்.

ஹேமநாத் விழித்தான். "நீங்கதான் வேணாம்னு சொல்லிட்டீங்களே. அதுக்கப்புறமும் பின்னால சுத்திக்கினு இருந்தா நல்லாவா இருக்கும்?"

பாவி, ஒரு காதல் நாவலைக்கூடப் புரட்டிப் பார்த்தவனில்லை.

அன்றைக்குப் பஸ்ஸில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் செல்போனைப் பார்த்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். சுமித்ரா மடியில் மாம்பழப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அந்தப் பக்கம் சாய்ந்தாள்.

"திரும்பி வந்துட்டானா?"