ஆறாவது கட்டில்

இதனால் சகலருக்கும் அறியத்தருவது யாதெனில், கடல் இன்றுமுதல் எல்லா இனத்தவருக்கும் உரியது. ரொறொன்ரோவிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை, பதினான்கு மாதம் ஆலோசித்து, நான்கு உபகுழுக்கள் அமைத்து, இந்த முடிவை ஏகமனதாக எடுத்தது. ரொறொன்ரோவில் கடல் கிடையாது, ஏரிதான். கடலுக்கு இந்த முடிவு இன்னும் அறிவிக்கப்படவில்லை.

ஒவ்வொரு மே மாதமும் ஹலிபாக்ஸ் துறைமுகத்திலிருந்து ஓர் ஆய்வுக்கப்பல் மூன்று வாரப் பயணம் போகும். அதில் மாணவர்களுக்கு ஆறு கட்டில்கள். அந்தக் கடல்நாட்கள் இல்லாத மாணவரை முதுநிலைப் படிப்புக்கு எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த ஆறு பேரையும் இருபத்திரண்டு வருடமாகத் தெரிவு செய்துவந்தவர் பேராசிரியர் கிளிபோட். முறை எளிது. தன்னுடைய கோடைக்கால வீட்டுக்கு மாணவர்களைக் கூப்பிடுவார். அவருடைய படகை யார் ஒழுங்காகக் கட்டுகிறார்களோ அவர்களுக்குக் கட்டில். கூப்பிடப்படுபவர்கள், பக்கத்து ஏரிக்கரையில் அப்பாவுக்கும் ஒரு வீடு இருக்கும் பிள்ளைகள். இருபத்திரண்டு வருடப் படங்களும் துறையின் நடைபாதையில் தொங்குகின்றன. பார்த்தால் ஒரே குடும்பத்துக் கலியாண அல்பம் போலிருக்கும்.

சுபாங்கியின் அப்பா இராஜரட்ணத்துக்கு ஏரிக்கரையில் வீடில்லை. ரொறொன்ரோவின் வோபர்ன் பகுதியில் மீன்கடை இருந்தது. கடையில் கழித்துப்போடும் தலைகளைப் பிளந்து, காதெலும்பை எடுத்து, அதிலுள்ள வளையங்களை எண்ணி மீனின் வயதைச் சொல்லுவாள் சுபாங்கி. வகுப்பில் வேறு யாருக்கும் அந்த வேகம் வராது. அவளுக்கு வேண்டியிருந்தது அந்தக் கட்டில் ஒன்றுதான்.

துறையும் மனமிரங்கியது. இதுவரை கடல் மறுக்கப்பட்டவர்களுக்கென்று ஆறாவது கட்டிலை ஒதுக்கியது. விண்ணப்பித்தவர் ஒருவர், சுபாங்கி. ஒரு கட்டில், ஓர் ஆள். இவ்வளவு சுலபமான காரியத்தை அப்படியே செய்துவிட்டால் குழு எதற்கு? ஆகவே எட்வேட் என்ற ஆலோசகரை நியமித்தார்கள். மற்றவர்களுக்கு ‘எனக்கும் இங்கே இடமுண்டு’ என்ற உணர்வை உண்டாக்குவதற்குச் சம்பளம் வாங்குபவர் அவர்.

"உங்கள் பண்பாட்டில் முடிவுகளைச் சமூகம்தான் எடுக்கும்," என்று எட்வேட் அவளுக்கு விளக்கினார்.

"எனக்கு இருபத்தொரு வயது. எனக்கு அந்தக் கட்டில் வேண்டும்," என்றாள் சுபாங்கி.

எட்வேட் குறித்துக்கொண்டார்: மேற்கத்தியத் தாக்கம்.

ஞாயிற்றுக்கிழமை சமூகத்தைச் சந்திக்க எட்வேட் சுபாங்கியின் வீட்டுக்கு வந்தார். அப்பா விருந்தாளியைக் கவனிக்க நின்றதால், கடையைப் பார்க்கச் சுபாங்கி போகவேண்டியதாயிற்று.

"ரோல்ஸ் எடுங்கோ," என்றார் இராஜரட்ணம்.

"வேண்டாம், நன்றி. சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்."

"சும்மா ஒண்டு எடுங்கோ."

"உண்மையாகவே வேண்டாம்."

"என்ன நீங்கள், வீடு தேடி வந்திட்டு," என்று இராஜரட்ணம் தானே இரண்டை எடுத்துத் தட்டில் வைத்தார். எட்வேட் சாப்பிட்டார். பிறகு இன்னும் இரண்டு சாப்பிட்டார். வாயைத் துடைத்துக்கொண்டு கடதாசியை விரித்தார்.

"ஆறாவது கட்டிலை உங்கள் மகளுக்குக் கொடுக்க விரும்புகிறோம். உங்கள் சமூகத்துக்கு அது வேண்டுமா?"

சமூகம் யாரென்று இராஜரட்ணம் திரும்பிப் பார்த்தார். மனைவி தவமணி தேத்தண்ணியோடு நின்றாள்.

"சீச்சீ, உங்களுக்கேன் கரைச்சல்? வேற ஆரும் பிள்ளையளுக்குக் குடுங்கோவன்."

நல்லாய் வளர்க்கப்பட்ட மனிதன் முதல்தரம் அப்படித்தான் சொல்லுவான். இரண்டாந்தரம் கேட்டால், "உங்களுக்கு வசதியெண்டால் பாருங்கோ" என்பான். மூன்றாந்தரம் தலையாட்டுவான். இராஜரட்ணம் இரண்டாந்தரத்துக்காகக் காத்திருந்தார். எட்வேட் கண்கலங்கி, அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுச் சப்பாத்தைப் போட்டார்.

பின்னேரம் சுபாங்கிக்கு மின்னஞ்சல் வந்தது: ‘சமூகத்தின் மறுப்பை ஆழ்ந்த மரியாதையுடன் ஏற்றுக்கொள்கிறோம்.’

"அப்பா, அந்த ஆளிட்ட என்ன சொன்னனீங்கள்?"

"நான் ஒண்டும் சொல்லேல்லைப் பிள்ளை. வேண்டாம் எண்டுதான் சொன்னனான்."

"வேண்டாம் எண்டோ?"

"ஒரு மரியாதைக்கு."

"உவர், அவன் இன்னும் ரெண்டுதரம் கேப்பான் எண்டு பாத்துக்கொண்டு நிண்டவர்," என்றாள் தவமணி. "அவன் கார் ஸ்ராட் பண்ணுற சத்தம் கேக்கும் மட்டும் நிண்டவர்."

"மூண்டுதரம் கேட்டாப்பிறகுதானே அவன் ரோல்ஸ் திண்டவன்? அவனுக்கும் விளங்கியிருக்கும் எண்டு நினைச்சன்."

"சீரியஸ்லி, அப்பா? அவர் இங்க ஒஷாவாவில பிறந்து வளந்த ஆள்."

மறுநாள் இராஜரட்ணம் கடையைப் பூட்டினார். கலியாணங்களுக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு, குழுவுக்கு முன்னால் போய் நின்றார்.

"வேணும்," என்றார். "எங்களுக்கு வேணும். மகளுக்கு அந்தக் கட்டில் வேணும்." இந்தத் தடவை மூன்றையும் அவரே சொல்லிவிட்டார்.

"காதெலும்பு வேலையில் அவள்தான் முதல். கொடுத்துவிடுவோமே," என்றார் கிளிபோட்கூட.

எட்வேட் கையை உயர்த்தினார். "ஒரு சமூகம் இல்லையென்று சொன்னபிறகு அதை மாற்றவைப்பது வற்புறுத்தல். இவருக்கு யாரோ அழுத்தம் கொடுத்திருக்கிறார்கள்."

"ஓம், மனிசிதான்," என்றார் இராஜரட்ணம்.

அதுவும் குறிப்பில் ஏறியது. அந்தக் கட்டிலை வேறு மாணவருக்குக் கொடுத்தால் கொள்கை கெட்டுப்போகும். வெறுமையாக அனுப்பினால் துறைக்கு அழகல்ல. ஆகவே, கப்பலில் உள்ளவர்களுக்கு ‘எனக்கு இங்கே இடமுண்டு’ என்ற உணர்வு இருக்கிறதா என்று ஆராய, எட்வேட்டே போவதென்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள்.

கப்பல் போனது. நடைபாதையில் ‘கடல் எல்லோருக்கும்’ என்று ஆளுயரச் சுவரொட்டி ஏறியது. அதில் உயிர்காப்பு அங்கியோடு சிரிப்பது, விண்ணப்பித்தபோதே படம் எடுத்து வைக்கப்பட்ட சுபாங்கி. பின்னால் தெரிவது ஏரி. எட்வேட் மூன்று வாரமும் வாந்தியெடுத்தபடி கட்டிலிலேயே கிடந்தார். இலையுதிர்காலத்தில் சுபாங்கியின் முதுநிலை விண்ணப்பம், கடல்நாட்கள் இல்லையென்று திரும்பி வந்தது.

அதே வாரம் எட்வேட்டின் அறிக்கையும் வெளிவந்தது. தமக்கு இங்கே இடமுண்டு என்று நூறு வீதமானவர்கள் உணர்ந்திருந்தார்கள். கேள்வித்தாள் கப்பலில் இருந்தவர்களுக்குத்தான் கொடுக்கப்பட்டது.