விலக்கி வைத்த ரத்தம்

அக்கா பள்ளி வேன் ஓட்டுகிறவள். வேனைக் கொண்டுபோய் கேட்டில் இடித்துவிட்டாள் என்று காலையில் போன் வந்ததிலிருந்து தங்கைக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நல்லவேளை, பிள்ளைகள் யாரும் ஏறியிருக்கவில்லை. விளக்கு மட்டும்தான் உடைந்தது. லேசாகக் கண் அசந்துவிட்டது, அவ்வளவுதான் என்று அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் தங்கை இன்னும் பயந்தாள். ராத்திரி முழுக்க அடித்துப்போட்டாற்போல் தூங்கியவளுக்கு விடிந்த பிறகும் ஏன் கண் அசர வேண்டும்?

அந்தத் தூக்கம் மாத்திரை தருகிற தூக்கம். அத்தான் இறந்துபோனபின் மின்விசிறியையே பார்த்துக்கொண்டு கிடந்த அக்காவுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தது. தங்கை வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில்தான் அதைச் சோதித்துச் சரி என்றார்கள். "எங்க மாத்திரைதான்க்கா, தைரியமா போடு" என்று பீற்றிக்கொண்டவளும் தங்கைதான். இப்போது நிறுத்தச் சொன்னாள். அக்கா மசியவில்லை. தூங்காமல் ஓட்டினால் மட்டும் வண்டி நேராகப் போகுமா என்று கேட்டாள்.

"காரணம் சொல்லு, நிறுத்தறேன். நீ பயப்படறேன்னு நான் முழிச்சுக் கிடக்க முடியாதுடி."

அதுவும் நியாயம்தான். பயப்படுவதில் தங்கை கெட்டிக்காரி. யாராவது தும்மினாலே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுவாள்.

ஆய்வுக்கூடத் தலைவருக்குச் சராசரி சார் என்று பட்டப்பெயர். எதைக் கொடுத்தாலும் கூட்டி வகுத்து ஒற்றை எண்ணாக்கித் திருப்பித் தருவார். கெட்டவர் இல்லை. அதுதான் தொல்லையே, கெட்டவராக இருந்தால் சண்டை போட்டுவிட்டுப் போகலாம். மாத்திரையின் சோதனை அறிக்கையைப் புரட்டினால் ஆண்களின் எண்கள் மட்டுமே இருந்தன. சோதனையின் முதல் சுற்றில் பெண்களும் வந்தார்களே, அவர்களுடைய முடிவுகள் எங்கே என்று தங்கை அவரிடம் கேட்டாள். மாதவிலக்கால் பெண்களுக்கு அளவுகள் ஏறி இறங்கின, கணக்குக் குழம்பியது, அதனால் விலக்கிவிட்டோம் என்றார். இரண்டு விலக்கையும் ஒரே மூச்சில் சொன்னார், சிரிக்கக்கூட இல்லை. ஏறி இறங்குகிற உடம்போடுதானே சார் அவர்கள் மருந்துக்கடைக்கு வருகிறார்கள் என்றாள் தங்கை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அக்காவை மனசுல வெச்சுக்கிட்டுப் பேசறீங்கம்மா. அறிவியலுக்கு அக்கா தங்கச்சி கிடையாது."

சுருக்கென்றது. ஒருவேளை அவர் சொல்வதே சரியாக இருந்தால்? வேனின் பிரேக்தான் சரியில்லையோ என்னவோ. பயந்த கண்ணுக்கு எங்கும் ஆபத்துதானே தெரியும்? அன்று பூராவும் அதையே புரட்டிக்கொண்டிருந்தாள். பிறகுதான் ஒன்று பிடிபட்டது. கேள்வி அக்காவிடமிருந்து வந்தால் வந்துவிட்டுப் போகட்டும், அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? அக்கா இல்லாவிட்டால் இந்தக் கட்டடத்தில் அதை யார் கேட்டிருப்பார்கள்? பதில் மட்டும் அக்காவிடமிருந்து வரக்கூடாது.

முதல் சுற்றில் மாத்திரை போட்ட மறுநாள் காலையில் எடுத்த ரத்தம் உறைபெட்டியில் அப்படியே இருந்தது. சாரிடம் அனுமதி கேட்டாள். பாருங்கள், யார் வேண்டாம் என்றது என்றார். ரத்தம் எடுக்கும் தோழியிடம் ஆண், பெண் குழாய்களைக் கலந்து பெயர்களை மூடி ஒட்டச் சொன்னாள். தான் கெஞ்சினாலும் எது யாருடையது என்று சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் ரத்தத்தில் மருந்தை அளக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தபோது அக்கா பிள்ளைகளோடு சாலையில் இருந்தாள். ஓட்டும்போது அவள் போனை எடுக்கமாட்டாள். இது தெரிந்தும் தங்கை மூன்று தடவை கூப்பிட்டுவிட்டாள். கடைசியில் எண்கள் வந்தன. சில குழாய்களில் மருந்து பாதிகூட இறங்கவில்லை. அந்த ரத்தத்தோடு யாரும் சைக்கிள்கூட ஓட்டக்கூடாது. அந்தக் குழாய்களில் ஒட்டியதைத் தோழி பிரித்துக்கொண்டே வந்தாள். பெண், பெண், ஓர் ஆண், மறுபடி பெண், பெண்.

சார் எண்களை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். இன்னொரு தரம் ஓட்டச் சொன்னார். அதே எண்கள்தான் வந்தன. அறிக்கையைத் திருத்தியாக வேண்டும் என்றார், குரல் இறங்கியிருந்தது. தான் சொன்னது சரியாகிவிட்டது என்ற சந்தோஷம் தங்கைக்குத் துளியும் வரவில்லை. போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்கு ஓடினாள்.

வேனை ஓரங்கட்டிவிட்டு அக்காவே கூப்பிட்டாள். தங்கை மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். காரணம் கிடைத்ததும் அக்கா மறுபேச்சுப் பேசவில்லை. சாயங்காலம் வேறு ஆளை ஓட்டச் சொல்கிறேன், டாக்டரையும் பார்க்கிறேன் என்றாள். பாதி மாத்திரை போட்டால் சரியாக இருக்குமா என்று கேட்டாள்.

"தெரியலக்கா. பொம்பளைங்களுக்கு எவ்வளவு போதும்னு இன்னும் யாரும் சோதிச்சுப் பாக்கல."

போனில் அக்காவுக்குப் பின்னால் பிள்ளைகளின் கூச்சல் கேட்டது.

"பாக்கலன்னு எப்படிடி சொல்றே? என்னை வெச்சு, இந்தப் பிள்ளைங்களையும் ஏத்திக்கிட்டு, தினமும் சோதனைதானே நடந்திருக்கு. யாரும் கிட்ட வந்து பாக்கல, அவ்வளவுதான்."